வழி விட்ட மூக்கு

போன மாதம் கீழக்கரைப் பக்கமிருந்து ஒரு பெண் போன் செய்தார். யாரிடமோ என் எண்ணை வாங்கியிருக்கிறார். அவருடைய தம்பி சங்கு குளிக்கிறவர். தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் வந்து ஸ்கேன் எடுத்ததில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று தெரிந்திருக்கிறது. "தலையத் திறக்க மாட்டாங்களாம்ணே. மூக்கு வழியாவே எடுத்துருவாங்களாம். ஒரு வாரத்துல வீட்டுக்கு வந்துரலாமாம். நெசந்தானா?" என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப அந்த மூக்கு என்ன ஆகும்ணே?" என்றார்.

எனக்கும் இதே ஆபரேஷன்தான் நடந்தது. அதற்கு முன் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என் கூட வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. கண் பிழைக்குமா, கட்டி கெட்ட கட்டியா, எவ்வளவு செலவாகும், இந்த மூன்றைத்தான் கேட்டோம். மூக்கு ஒரு வாசல், உள்ளே போய்விட்டு வெளியே வருவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு ஆறு மாதம் நான் பட்ட பாடெல்லாம் அந்த வாசலோடுதான். அந்தத் தங்கச்சிக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு நோயாளி. என் மூக்கில் நடந்ததையும், டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

பாம்பனில் எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. நெத்திலி, சாளை, வாளை, திருக்கை என்று கரையில் வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, சிப்பம் கட்டி மதுரைப் பக்கம் அனுப்புகிறோம். இந்தத் தொழிலில் கண்ணும் கையும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு மூக்கும் முக்கியம். நன்றாகக் காய்ந்த நெத்திலியின் மணம் ஒன்று. ஈரம் உள்ளே நின்றுபோன சரக்கின் புழுங்கல் வாடை ஒன்று. எண்ணெய் மீன் பழசாகிவிட்டால் ஒரு காறல் நெடி வரும். சாக்கைப் பிரிக்கும்போதே அப்பா சொல்லிவிடுவார். நானும் அப்படித்தான் பழகினேன். மூக்கை விற்றுச் சாப்பிட்ட குடும்பம் என்றே எங்களைச் சொல்லலாம்.

2023 கடைசியில் எனக்குப் பக்கவாட்டில் வருகிற ஆட்கள் திடீர் திடீரென்று முளைப்பதுபோலத் தெரிந்தார்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டி ஓட்டும்போது இரண்டு பக்கக் கடலும் மறைந்து, நடுவில் ரோடு மட்டும் தெரிந்தது. கண் டாக்டர்தான் பார்வைப் பரப்பைச் சோதிக்கும் பரிசோதனை செய்துவிட்டு, "இது கண்ணோட கோளாறு இல்ல, தலை ஸ்கேன் எடுங்க" என்றார். பிட்யூட்டரி பட்டாணி அளவு சுரப்பி, அரை கிராம் எடைதான் இருக்கும். மூளைக்கு அடியில், மூக்கின் பின்பக்கம், எலும்பில் ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. குதிரைச் சேணம் மாதிரி இருப்பதால் அந்தக் குழிக்குத் துருக்கிச் சேணம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர் மேலே இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே கடந்து போகின்றன. கட்டி மேலே வளர்ந்தால் முதலில் அந்தக் குறுக்குச் சந்தில் முட்டும். அதனால்தான் இரண்டு பக்க ஓரப் பார்வையும் போகிறது. என் கட்டி எந்த ஹார்மோனையும் கூடுதலாகச் சுரக்காத வகை. புற்றும் இல்லை.

2024 மார்ச்சில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது.

மூக்கு வழியாகப் போவது புதுச் சங்கதி இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1907-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலில் இந்த வழியில் போனார். மூக்கையே வெளியிலிருந்து வெட்டி ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அவரால் உள்ளே போக முடிந்தது. அப்புறம் ஹார்வி குஷிங் மேலுதட்டுக்கு அடியில் கீறிப் போனார். 1960-களில் மைக்ரோஸ்கோப் வந்தது, 1990-களில் எண்டோஸ்கோப் வந்தது. 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாய், அதன் நுனியில் வெளிச்சமும் பார்வையும். வெளியே ஒரு தழும்பு கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனே ஆகலபோல இருக்கே" என்று ஊரில் எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? தழும்பெல்லாம் உள்ளே இருந்தது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வருகிற ஒவ்வொரு தொந்தரவும் புரியும்.

மூக்குக்குள் பக்கச் சுவரில் மூன்று மடிப்புகள் தொங்குகின்றன. மெல்லிய சுருள் எலும்பு, மேலே ஈரத் தோல். மருத்துவர்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் லத்தீன் பெயர் கொன்க்கா, சிப்பி என்று பொருள். நம் ஆட்கள் பார்த்திருந்தால் சங்கு என்றே சொல்லியிருப்பார்கள், உள்சுருள் அப்படித்தான் இருக்கிறது. நாம் இழுக்கும் காற்று இந்தச் சுருள்களில் உரசித்தான் சூடாகிறது, ஈரமாகிறது. குழாயும் கருவியும் போக இடம் வேண்டுமே, அதற்காக நடு மடிப்பை ஒதுக்கித் தள்ளுவார்கள். சிலருக்குக் கொஞ்சம் வெட்டுவார்கள். இரண்டு துவாரத்திலும் கருவி நுழைவதால், இரண்டையும் பிரிக்கும் நடுச்சுவரான மூக்குத் தண்டின் பின்பகுதியில் கொஞ்சம் எலும்பை எடுத்து இரண்டையும் ஒரே அறையாக்குவார்கள். அப்புறம் பின்னால் இருக்கும் காற்றறையின் முன்சுவரை உடைத்து உள்ளே போய், அதன் பின்சுவரையும் திறந்தால் சேணம். இவ்வளவு தூரம் வழி போடுகிறவர் இஎன்டி டாக்டர். கட்டியை எடுக்கிறவர் நியூரோ டாக்டர். இரண்டு பேரும் சேர்ந்து நின்று செய்கிறார்கள்.

எனக்குக் கட்டியை எடுக்கும்போது மூளையைச் சுற்றி இருக்கும் மூளைநீர் லேசாகக் கசிந்திருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க, மூக்குத் தண்டின் ஒரு பக்கத்துத் தோலை உரித்து, அதன் ரத்தக்குழாயை அறுக்காமல் அப்படியே திருப்பி, பின்னால் ஒட்டு போட்டார்கள். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகர மருத்துவர்கள் விவரித்து 2006-ல் வெளியான முறை இது. ரத்த ஓட்டம் உள்ள தோல் என்பதால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இது வந்த பிறகு கசிவுத் தொல்லை உலகமெங்கும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் தோலை உரித்த இடம் சும்மா இருக்குமா? அங்கே குருத்தெலும்பு வெறுமையாக நிற்கிறது. அதன் மேல் புதுத் தோல் படர வாரக்கணக்கில் ஆகும், பலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். படரும் வரை அங்கே பக்கு கட்டிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் எனக்கு யாரும் ஆபரேஷனுக்கு முன் உட்கார வைத்துச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. மூக்கைப் பற்றி ஒரே ஒரு வரி: சலைன் ஸ்பிரே, தேவைப்படும்போது. என் கண்ணைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்த நன்றி சாகும் வரை இருக்கும். ஆனாலும் அந்த ஒற்றை வரியை என்னால் மன்னிக்க முடியவில்லை. 'தேவைப்படும்போது' என்றால் எப்போது? எப்படி? எவ்வளவு? அது தெரியாமல் முதல் மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

முதல் நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூக்கில் அடைப்பு வைத்திருந்ததால் வாயால்தான் மூச்சு. நாக்கும் தொண்டையும் பனை மட்டைபோல வறண்டன. தாகமும் சிறுநீரும் அளவு மீறிப் போகிறதா என்று மணிக்கு மணி அளந்தார்கள். காலையில் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஹார்மோன் மாத்திரை. வீட்டுக்கு வந்து ஏழாம் நாள் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், ராமநாதபுரம் போய்ப் பார்த்தோம். அந்தப் பரிசோதனையைத் தயவுசெய்து யாரும் தள்ளிப்போடாதீர்கள். சோடியம் குறைவது பெரும்பாலும் வீடு வந்த பிறகுதான், அந்த முதல் இரண்டு வாரத்துக்குள்தான் நடக்கிறது. வாந்தி, தலைவலி, குழப்பம் என்று வரும். வீட்டில் இருப்பவர்கள் அசதி என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

மேல் வரிசை முன்பற்களில் மரத்த உணர்வு இரண்டு மாதம் இருந்து தானாகப் போனது.

தடைகள் நிறைய. மூக்கைச் சிந்தக் கூடாது. குனிந்து எதையும் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது, அதற்காகவே மலமிளக்கி கொடுப்பார்கள். தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயைத் திறந்து தும்ம வேண்டும். உள்ளே போட்ட ஒட்டு பிடிக்கும் முன் மூக்குக்குள் அழுத்தம் ஏறினால், காற்று அந்த ஓட்டை வழியாக மண்டைக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். நான் படுத்திருந்த ஆறு வாரமும் அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். ஒரு நாள் கூட வீட்டுக்குள் எடுக்கவில்லை. எழுபத்தாறு வயது.

இனி மூக்கு கழுவுகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மூக்கின் ஈரத் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கடலடியில் பாசி ஒரே திசையில் அசைவதுபோல அவை அசைந்து அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். ஆபரேஷன் நடந்த இடத்தில் அந்த மயிர்கள் போய்விடுகின்றன. சளியும் ரத்தமும் தேங்கி, காய்ந்து, பக்காகின்றன. பக்குக்கு அடியில் கிருமி சேர்கிறது, நாறுகிறது. நுண்மயிர் திரும்ப வளரும் வரை அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும், உப்புத் தண்ணீரால். துளித்துளியாக அடிக்கும் ஸ்பிரே ஈரப்படுத்தும், அவ்வளவுதான். பக்கைக் கரைத்து இழுத்து வர, பிழிகிற பாட்டிலில் ஒவ்வொரு துவாரத்துக்கும் நூறு மில்லிக்கு மேல் தண்ணீர் ஓட வேண்டும். எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒட்டு போட்டவர்களுக்குச் சில நாள் பொறுக்கச் சொல்வார்கள். பிழியும்போதும் மெதுவாகத்தான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் மூன்றாம் வாரம் ஓபியில் பார்த்த இளம் இஎன்டி டாக்டர். உட்காரவைத்து, பாட்டிலைக் கையில் கொடுத்து, அவர் முன்னாலேயே செய்யச் சொன்னார். முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு "ஆ" என்று சொல்லியபடியே ஒரு பக்கம் பிழிந்தால் மறுபக்கம் வழியாக வரும். எனக்கு இரண்டு துவாரத்தையும் பிரிக்கும் சுவரில் பின்னால் வழி இருக்கிறதே, தங்குதடையில்லாமல் வந்தது. "ஒரு நாளைக்கு நாலு வேளை செய்யணும். சாப்பாட்ட மறந்தாலும் இத மறக்கக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மச்சான், "இதுக்கு ஏன் பாட்டிலு? அக்னி தீர்த்தக் கடல்ல போய் மூக்குல ஏத்திட்டு வந்தாச் சரியாப் போயிரும். உப்புத்தண்ணி தானே?" என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் ரத்தத்துக்குச் சமமான உப்பு என்பது லிட்டருக்கு 9 கிராம். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம், கிட்டத்தட்ட நாலு மடங்கு. பச்சைப் புண்ணில் அது எரிக்கும், மிச்சமிருக்கும் நுண்மயிரையும் நோகடிக்கும். கரையோரத் தண்ணீரில் இருக்கும் அழுக்கும் கிருமியும் மூளைக்கு ஒரு ஒட்டுத் தோல் தூரத்தில் போய் நிற்கும். அதேபோல வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்துக்கொள்ளலாமா என்று நானே கேட்டேன். குழம்புக்கு அதுதான் எனக்குப் பிடித்த உப்பு. டாக்டர் வேண்டாம் என்றார். மண்ணும் மற்ற உப்புகளும் கலந்திருக்கும், அளவும் தவறும். மருந்துக்கடையில் அளந்து கட்டிய பொட்டலம் கிடைக்கிறது, உப்போடு கொஞ்சம் சோடா உப்பும் சேர்த்து.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கம் தண்ணீரின் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாள் குடம் விலை கொடுத்து வாங்குகிறோம். எதுவாக இருந்தாலும் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர்தான் மூக்குக்குள் போக வேண்டும். அந்த வருடம்தான் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்துகொண்டிருந்தது. அந்த அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து. கொதி வந்து ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். என் மனைவி இதற்கென்றே ஒரு எவர்சில்வர் தூக்கு ஒதுக்கினாள். ராத்திரி கொதிக்க வைத்து மூடிவிடுவாள். காலையில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலில் ஊற்றித் தருவாள்.

கழுவத் தொடங்கி நாலாம் நாள் ஒரு பயம் வந்தது. சாயங்காலம் செருப்பை எடுக்கக் குனிந்தேன். வலது துவாரத்திலிருந்து பொலபொலவென்று தெளிந்த தண்ணீர் கொட்டியது. நாக்கில் உப்புக் கரித்தது. மூளைநீர் கசிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். தெளிந்த தண்ணீர், உப்புச் சுவை, குனிந்தால் அதிகம். கசிந்தால் அந்த வழியாகக் கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம், விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயம் கிடையாது. மச்சான் கார் பிடித்து வந்தார். அப்போது பழைய தூக்குப்பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்தது, புதுப் பாலம் திறக்கவில்லை, மண்டபம் வரைதான் ரயில். எங்கே போவதென்றாலும் ரோடுதான். மதுரை போய்ச் சேர ராத்திரி பன்னிரண்டு தாண்டிவிட்டது. வழியெல்லாம் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே போனேன். என் மனைவி முன்சீட்டிலிருந்து திரும்பி, அரை மணிக்கு ஒருமுறை கையைப் பிடித்துப் பார்த்தாள்.

பணியிலிருந்த டாக்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்காரச் சொன்னார். கீழே ஒரு சின்னக் குப்பி. இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு சொட்டு வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. காலையில் இஎன்டி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஒட்டு ஜம்மென்று பிடித்திருக்கிறது என்றார். அது நான் மத்தியானம் கழுவிய தண்ணீரேதான். திறந்துவிட்ட பின்னறையில் கொஞ்சம் தேங்கி நின்று, குனிந்தபோது கொட்டியிருக்கிறது. மூளைநீர் என்றால் சொட்டிக்கொண்டே இருக்கும், மறுபடி மறுபடி வரும், சிலருக்கு நிமிர்ந்தால் தலைவலிக்கும். சந்தேகம் தீராவிட்டால் அந்தத் தண்ணீரைப் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். அது சளியிலும் கண்ணீரிலும் இருக்காது, மூளைநீரில் இருக்கும். "வீணா வந்துட்டோமா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள். "இதே மாதிரி பத்து தடவை வந்தாலும் வாங்கம்மா. வராம இருந்துறாதீங்க" என்றார் அவர். அதற்குப் பிறகு கழுவி முடித்ததும் கொஞ்ச நேரம் தலையை முன்னால் தொங்கவிட்டு, இரு பக்கமும் சாய்த்து, தேங்கியதை வடிய விடப் பழகிக்கொண்டேன்.

நாற்றத்தைப் பற்றி எழுதாமல் தாண்டிப்போக மனமில்லை. நிறையப் பேர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை என் மூக்குக்குள் ஒரு அழுகல் வாடை. கரையில் ஒதுங்கிய செத்த நண்டு போல. என் சின்னப் பெண் பக்கத்தில் படுக்க வந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து பாட்டியிடம் போனாள். அவள் சொல்லாமல் போனதுதான் தாங்கவில்லை. பிள்ளைக்கு எட்டு வயது, எவ்வளவு பக்குவம். பக்கு சேர்ந்தால் நாறும், அது யாருடைய சுத்தக் குறைவும் இல்லை. ஓபியில் குழாயும் இடுக்கியும் வைத்துப் பக்கை எடுப்பார்கள். வலிக்கும், கண்ணில் நீர் வரும், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எடுத்த பிறகு மூச்சு அப்படியே பின்மண்டை வரை போகும். எனக்கு நாலு முறை எடுத்தார்கள். இடையில் ஒருநாள் கழுவும்போது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பக்கு, மூக்கின் உள் அச்சு போலவே, தானாக வெளியே வந்து விழுந்தது. பயந்து படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். நல்லது என்று பதில் வந்தது. விரலை விட்டுத் தோண்டக் கூடாது. அது ஒன்றுதான் அவர் கோபமாகச் சொன்னது. காயாத பக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், மூக்குத் தண்டில் ஓட்டை விழவும் வாய்ப்பு உண்டு. பக்கவாட்டுத் தோல் நடுச்சுவரோடு ஒட்டிக்கொள்வதும் நடக்கும். ஓபிக்கு வரச் சொல்வது அதையெல்லாம் பார்த்து விலக்கிவிடத்தான். நாள் தவறாமல் போங்கள்.

ஆவி பிடிக்கலாமா, நல்லெண்ணெய் விடலாமா என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். சூட்டு ஆவி பச்சை ரத்தக்குழாயைத் திறந்துவிடும். வீடு வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திடீரென்று மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுவது சிலருக்கு நடக்கிறது, பின்பக்க ரத்தக்குழாயிலிருந்து. சொட்டு சொட்டாக வந்தால் பொறுக்கலாம். கொட்டினால் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பச்சை மீன் குறைந்துபோவதால் கருவாட்டுக்கு அதுதான் நல்ல காலம். சேர்த்து வைத்த சரக்கெல்லாம் அப்போதுதான் பிரித்து அனுப்புவோம். நான் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொண்டு. பத்தடி தூரத்தில் வாளையைக் கொட்டினார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கவிச்சி இல்லை, உப்பு நெடி இல்லை, சாக்கு வாடை கூட இல்லை. பிறந்ததிலிருந்து இந்த வாடைக்குள்தான் இருக்கிறேன், அது இருந்ததையே அன்றைக்குத்தான் கவனித்தேன். சோற்றில் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, உறைப்பு தெரிந்தது. நாக்கு அறிகிற அளவுக்கு மட்டும். மீன் குழம்பும் சாம்பாரும் ஒரே மாதிரி இருந்தன. காஸ் அடுப்பு அணைந்து கசிந்தது கூட எனக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து மூடினார். மோப்பம் போனவர்கள் வீட்டில் தனியாகச் சமைக்க வேண்டாம், இது என் வேண்டுகோள்.

மோப்ப நரம்பு மூக்கின் கூரையில், இரண்டு பக்கமும் ஒரு குறுகிய சந்தில் இருக்கிறது. ஒட்டுத் தோல் உரிக்கும்போது நடுச்சுவரின் மேல் ஓரத்தில் ஒரு பட்டையை விட்டுவிட்டுத்தான் உரிப்பார்கள், அந்த நரம்பு கெடாமல் இருக்க. என் டாக்டர் அதை விட்டிருந்தார். வீக்கமும் பக்கும் காற்றை மேலே போகவிடவில்லை, வீக்கம் வடிந்தால் வரும் என்றார். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாலு மாதத்தில் திரும்புகிறது, சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதை அவர் சொன்னதற்காக அவர் மேல் மரியாதை கூடியது.

மோப்பப் பயிற்சி என்று ஒன்று சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் என்பவரும் அவர் குழுவும் 2009-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நாலையும் காலையும் மாலையும் சில நொடி முகர வேண்டும். பன்னிரண்டு வாரம். சும்மா முகராமல் அந்த மணத்தை நினைவில் கொண்டுவந்து முகர வேண்டும். நாலு சின்ன டப்பாவில் போட்டு வைத்தேன். நானாகவே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி.

ஒன்பதாம் வாரம் கிராம்பு வந்தது. மணமாக வரவில்லை, மூக்கின் மேல் பக்கம் ஒரு கூச்சம் போல. பத்தாம் வாரம் காபி கருகிய ரப்பர் மாதிரி நாறியது, குடிக்க முடியவில்லை. நரம்பு திரும்ப இணையும்போது வாசனை மாறித் தெரியும், நல்ல அடையாளம்தான் என்றார்கள். மூன்றாம் மாதக் கடைசியில் உத்தரகோசமங்கைக்குப் போயிருந்தோம். சிவன் கோயில்களில் பொதுவாகத் தாழம்பூவை ஏற்பதில்லை, அங்கே சாத்துவார்கள். பிரகாரத்தில் யாரோ ஒரு பாட்டி தாழம்பூ மடலைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். நான் நின்றுவிட்டேன். "என்னங்க?" என்று என் மனைவி கேட்டாள். "தாழம்பூ" என்றேன். அவளுக்கு அந்தப் பாட்டி போனது தெரியாது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அவள் அழவில்லை.

கீழக்கரைத் தங்கச்சியின் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சங்கு குளிக்கிறவருக்கு இந்த ஆபரேஷன் மற்றவர்களுக்கு ஆவதைவிடப் பெரிய விஷயம். பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதி விடுவிப்பார்கள். அந்த ஊதல்தான் ஒட்டுப் போட்டவர் செய்யவே கூடாத காரியம். அதனால் அவர் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு டாக்டரிடமும் தன் தொழிலைச் சொல்ல வேண்டும். கூலி வேலை என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது, கடலுக்குள் மூழ்குகிறவன் என்றே சொல்ல வேண்டும். ஒட்டு எப்படிப் போடுவது, எத்தனை மாதம் இறங்கக் கூடாது, இனி இறங்கவே முடியாதா என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் அவர்கள் சொல்ல முடியும். அந்த மாதங்களுக்குக் குடும்பம் எதில் சாப்பிடும் என்பதையும் முன்னாலேயே யோசித்து வைக்க வேண்டும். இதைச் சொன்னபோது அந்தத் தங்கச்சி, "அவன் வேற வேலை தெரியாதவன்ணே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டிலும் உப்புப் பொட்டலமும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். வருகிற புதன்கிழமை அவருக்கு ஆபரேஷன். மூன்றாம் நாள் நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என் பார்வை இரண்டு பக்கமும் திரும்பிவிட்டது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த பிறகு ஒரு நாள் ரயிலில் போனேன், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலையைத் திருப்பாமலே கடலைப் பார்த்தேன். இப்போதும் ஒரு வேளை மூக்கு கழுவுகிறேன். வாடைக்காற்று வீசும் மாதங்களில் உள்ளே வறண்டுவிடுகிறது, அப்போது இரண்டு வேளை.

மோப்பம் முக்கால்வாசி வந்திருக்கிறது. ஈர வாடை தெரிகிறது, காறல் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கொட்டகையில் இப்போது சிப்பத்தை முதலில் நான் முகர்கிறேன், அடுத்து என் மனைவி. நான் சொன்ன பிறகுதான் அவள் சொல்வாள், முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்று காலை ஆறு சிப்பம் நெத்திலி வந்தது. நாலில் நான் சொன்னது சரியாக இருந்தது.